ஆறு இன்ச் என்றால் எந்த ஆறு இன்ச்?

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு லாரிக்குப் பின்னால். செங்கல்பட்டு டீலருக்குப் போகவேண்டிய சரக்கை ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, டிரைவர் வண்டியைக் கிளப்பியும் விட்டார். பின்பக்கம் ஒரு பெண் நின்று, லாரியின் பலகையை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்து. மூனாவது பொட்டிய எறக்கு."

"யக்கா, கட்டி முட்ச்சிட்டேன்கா," என்றார் டிரைவர் அழாக்குறையாக.

"கட்டின கையால அவுத்துடு. வேற இன்னா?"

நான் அந்த வாரம்தான் அங்கே விற்பனை மேலாளராகச் சேர்ந்திருந்தேன். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருந்த கம்பெனி அது. போர்வெல் மோட்டார், பம்ப், பைப், ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாவற்றையும் ஒரு செட்டாகச் சேர்த்து விற்போம். டீலர் காலையிலிருந்து நாலு முறை போன் செய்திருந்தார். யார் இந்த அம்மா, என் லாரியை நிறுத்துகிறார் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு இன்ச் இணைப்பு என்று இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் இரண்டரை இன்ச்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ரேக்குல ரெண்டு இன்ச்சு கொறையல சார். ரெண்டரை இன்ச்சு கொறஞ்சி கீது. அப்ப பொட்டில எது போயிருக்கும்?" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு எழுதப் போய்விட்டார்.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் கம்பெனி முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பேர். ஒரு மாதத்தில் நானும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு சாமானைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. சாப்பாடு இறங்காது. திருமுக்கூடல் பக்கத்து ஊர்க்காரர். காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே, நேற்று விட்டுப்போன சந்தேகத்தை யோசித்துக்கொண்டேதான் இறங்குவார். பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெர்னியர் அளவுகோல் இருக்கும். கம்பெனி கொடுத்ததல்ல. சொந்தமாக வாங்கியது.

பேக்கிங் வேலைக்கு வந்தவர். பிறகு குடோன் பார்த்தார். கம்ப்யூட்டரில் சாமான் விவரம் ஏற்ற ஆள் இல்லாதபோது, "நான் ஏத்தறேன்" என்று அவராகவே போய் உட்கார்ந்தார். பெட்டிமேல் போட்டிருப்பதை மற்றவர்கள் அப்படியே பார்த்து ஏற்றுவார்கள். அவர் பெட்டியைப் பிரித்து, சாமானைக் கையில் எடுத்து, அளந்துவிட்டுத்தான் ஏற்றுவார். ஒருமுறை புது ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை ஏற்ற அரை நாள் ஆக்கினார். ஏன் என்று போய்ப் பார்த்தால், மூடியைக் கழற்றி உள்ளே ஒயர் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"கேட்லாக்ல போட்டிருக்கே அக்கா."

"கேட்லாக்கு அடிச்சவரு இந்தப் பொட்டியத் தொறந்து பாத்தாரா சார்?"



எங்கள் வேலை நடந்தவிதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். விவசாயி வந்து, போர் இவ்வளவு ஆழம், இவ்வளவு அகலம், கரெண்ட் இந்த மாதிரி என்று சொன்னால், அதை ஒரு சாஃப்ட்வேரில் போடுவோம். அதுவே எந்தப் பம்ப், எந்த மோட்டார், எத்தனை அடி பைப், எந்தக் கேபிள் என்று தேர்ந்தெடுத்துக் கொட்டேஷன் அடித்துக் கொடுத்துவிடும். அந்தச் சாஃப்ட்வேரை மூன்று விதமாக அமைத்து வைத்திருந்தார்கள். நேரே கடைக்கு வரும் விவசாயிக்கு ஒன்று. டீலர்களுக்கு ஒன்று. ஊராட்சி, சங்கம் மாதிரிப் பெரிய வேலைகளுக்கு ஒன்று. மூன்றும் மூன்று காலத்தில் மூன்று பேர் அமைத்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தனிச் சாமான் பட்டியல் இருந்தது. அக்கா திருத்துவது விவசாயிப் பட்டியலை மட்டும்தான். மற்ற இரண்டையும் திறக்க அவருக்கு அனுமதி இல்லை.

"அதையும் எனுக்குக் குடுங்க சார்," என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

ஏனென்றால் டீலர் பட்டியலில் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். சேர்ந்த புதிதில், டீலர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று விவசாயிப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து டீலர் பக்கம் போட்டு, அதன் அடியில் ஒரு பம்ப் கம்பெனியின் கேட்லாக்கிலிருந்து புது மாடல்களையும் ஒட்டிவிட்டேன். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் பட்டியலில் ஆறு இன்ச் என்றால், ஆறு இன்ச் போருக்குள் இறங்கும் மோட்டார் என்று அர்த்தம். அந்தக் கேட்லாக்கில் ஆறு இன்ச் என்பது மோட்டாரின் உடம்பு அளவு. எனக்கு அது தெரியாது. இரண்டும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தன.

இப்படி இருந்தால் ஒருநாள் மாட்டும்தானே. மாட்டியது. நவரைப் பட்டத்தில், நெல் பால் பிடிக்கிற நேரம். உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு ஊரில், அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொதுவான போர். டீலர் கொட்டேஷன்படி சரக்கு போனது. மோட்டாரைக் கட்டி இறக்கியபோது, நாற்பது அடியில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

காலையில் நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது வயலில் இருபது பேர் நின்றார்கள். மூத்தவர் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா சார் வியாபாரம் பண்றீங்க? நாலு நாளா பயிருக்குத் தண்ணி இல்ல. கதிரு பூரா பதராப் பூடும். நீ வந்து அறுப்பியா?"

நான் கம்பெனி, டீலர், போக்குவரத்து என்று ஏதேதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் அவர் வீட்டு அம்மாவிடம் நின்றார்.

"யம்மா, இந்தப் போரு போட்டப்ப எறக்குன கேசிங் பைப்பு, மிச்சத் துண்டு எதுனா கீதா வூட்ல?"

அந்த அம்மா ஓடிப்போய் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தார். அக்கா உட்கார்ந்து அதன் உள்வாயை அளந்தார். சரியாக ஆறு இன்ச். பிறகு டீலர் கொண்டுவந்த கொட்டேஷனை வாங்கிப் படித்தார். மோட்டாரின் மாடலைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"பைப்பும் ஆறு, மோட்டாரு ஒடம்பும் ஆறு ஒட்டி கீதும்மா," என்று அந்த அம்மாவிடமே சொன்னார். "ஒயரு எங்க போவும்? அதான் மாட்டிக்கிச்சி. தப்பு எங்களுது. இன்னிக்கே எடுத்துக் குடுத்துட்டு, சின்ன ஒடம்பு மோட்டாரு எறக்கறோம். தண்ணி வராம நான் இங்கிருந்து பஸ் ஏற மாட்டேன்."

தப்பு எங்களுது என்று சொல்வார் என யாரும் அங்கே எதிர்பார்க்கவில்லை. மூத்தவர் சத்தம் போடுவதை நிறுத்தினார். போர் வண்டிக்காரர்களை வரவழைத்து, செயின் போட்டு, மெல்ல மெல்ல அசைத்து மோட்டாரை எடுத்தார்கள். கேபிள் தோலுரிந்து கந்தலாக வந்தது. குடோனிலிருந்து மெலிந்த மோட்டார் வந்து இறங்கி, சாயங்காலம் நாலரை மணிக்குத் தண்ணீர் வந்தது. பயிர் பிழைத்தது. அக்கா வரப்பிலேயே நின்று, புது மோட்டாரின் அளவை மறுபடி ஒருமுறை எழுதிக்கொண்டுதான் கிளம்பினார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கொட்டேஷனை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல ஆறு இன்ச்சுன்னு போட்டு கீது சார். எந்த ஆறு இன்ச்சு?"

"டீலர் சைடுல ஏதோ குழப்பம்," என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் கறாரான ஆள் என்று நினைத்துவிடக்கூடாது. பேச்சில் யாரையும் திருத்தமாட்டார். உத்திரமேரூர்க்காரர்கள் பைப் வளைவைப் பெண்டு என்பார்கள். செங்கல்பட்டு டீலர்கள் எல்போ என்பார்கள். மதுராந்தகம் பக்கம் ஒருவர் முழங்கை என்றே எழுதி அனுப்புவார். எல்லோரும் ஒரே பேர் சொல்லவேண்டும் என்று நான் ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"கூப்புடறவங்க எப்டி வேணா கூப்புடட்டும் சார். பெண்டுன்னு தேடினாலும் வரணும், முயங்கைன்னு தேடினாலும் வரணும். ஆனா வர்றது ஒன்னா இருக்கணும். அத்த செய்ங்க போதும்."

சுற்றறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

அவருடைய சொந்தப் பேரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார். பள்ளிச் சான்றிதழில் அவர் பேர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி, சாதிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. பன்னிரண்டாவது முடித்து நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேரப் போன இடத்தில் மூன்று தாளையும் வாங்கிப் பார்த்த அதிகாரி, இது மூன்று பேர் மாதிரி இருக்கிறதே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திருத்தி வாங்கிக்கொண்டு போவதற்குள் இடம் போய்விட்டது. அம்மாவோடு நடவுக்குப் போனார். பிறகுதான் எங்கள் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. "அதனாலதான் அக்கா நீங்க இதுல இவ்வளவு..." என்று ஆரம்பித்தேன்.

"அட, அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்மந்தம்?" என்றார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. "அது நடந்து எத்தினியோ வருசம் ஆச்சி. பைப்பு சேரலன்னா தண்ணி வராது. அவ்ளோதான்."

நான் இன்னும் அதை முழுதாக நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னதையே எழுதுகிறேன்.

அடுத்த ஆடி மாதம், முதலாளி பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்யச் சென்னையிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் அவர்களுக்குத் தலைவி. கெட்டிக்காரர். மூன்று பட்டியலையும் வாங்கிப்போய், புது சாஃப்ட்வேரில் மூன்று அமைப்பாக அழகாகப் போட்டுக்கொண்டு வந்தார். டீலர்கள் எல்லோரையும் அழைத்துக் கல்யாண மண்டபத்தில் விழா வைத்து அறிமுகப்படுத்துவதாக ஏற்பாடு. பத்திரிகை அடித்தாகிவிட்டது. விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, முதலாளி அறையில் எல்லோருக்கும் அதை ஓட்டிக் காட்டினார்கள். அக்கா கதவோரம் நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தானே வந்திருந்தார்.

எல்லாம் முடிந்து கைதட்டும் நேரத்தில், "மொதலாளி, ஒன்னு கேக்கலாமா?" என்றார்.

"கேளும்மா."

"ஒரே போர மூனு எடத்துலயும் போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஆறு இன்ச்சு போரு, எரநூறு அடி, அஞ்சு எச்பி."

கண்ணாடிக்காரப் பெண் சிரித்தபடியே, "மூணுக்கும் தனித்தனியா டெஸ்ட் பண்ணியாச்சுங்க. எல்லாம் சரியா வருது," என்றார்.

"தனித்தனியா சரியாத்தான் வரும்மா. ஒன்னா பாத்தீங்களா?"

 மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே போரைப் போட்டார்கள். மூன்று கொட்டேஷன் வந்தது. விவசாயிக்கு ஒரு மோட்டார், டீலருக்கு வேறொரு மோட்டார். ஊராட்சிப் பக்கத்தில் கேபிளே வேறு தடிமன். டீலர் திரையில் வந்த மாடலை அக்கா விரலால் தொட்டுக் காட்டினார். போருக்குள் மாட்டிக்கொண்ட அதே மாடல்.

முதலாளியின் முகம் மாறியது. கண்ணாடிக்காரப் பெண்ணின் சிரிப்பும் போய்விட்டது. "நாங்க உங்க டேட்டாவை அப்படியேதான் எடுத்தோம் சார். இந்த டீலர் லிஸ்ட்டை யார் ரெடி பண்ணினது?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்திருந்தால்கூட நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நான்தான் சார்," என்றேன். நகல் எடுத்ததையும் ஒட்டியதையும் சொன்னேன். மோட்டார் மாட்டிய அன்றைக்கு மறைத்ததையும் சொன்னேன். 

முதலாளி என்னை வெளியே இருக்கச் சொன்னார். வராந்தாவில் நின்றேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"மோட்டாரு மாட்டிக்கின அன்னிக்கே தெரியும் சார். டீலர் கொட்டேஷன்ல இருந்த எழுத்துப் பிழ எல்லாம் என் லிஸ்ட்ல இருந்தது. நகலு எடுத்தாதான் அதே பிழ அங்கயும் வரும். டீலர் லிஸ்ட்டத் தொறக்கறது நீங்கதான."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கள மாத்துவாங்க. லிஸ்ட்ட மாத்த மாட்டாங்க."

இத்தனை வருடத்தில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய நிர்வாகப் பேச்சை நான் கேட்டதில்லை.

அவர் மறுபடி உள்ளே போனார். உள்ளே நடந்ததை முதலாளி பிறகு சொன்னார். விழாவைத் தள்ளிப் போடலாம் என்று முதலாளி சொல்ல, வேண்டாம் என்றிருக்கிறார் அக்கா. மூன்று பட்டியல் வேண்டாம், ஒரே பட்டியல் போதும். சாமானின் அளவும் விவரமும் அந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். மூன்று அமைப்பும் அங்கிருந்து எடுத்துக் காட்டட்டும், தனக்கென்று எதையும் எழுதி வைக்கவேண்டாம். டீலருக்கு இதைக் காட்டு, ஊராட்சிக்கு அதைக் காட்டு என்பதோடு நிற்கட்டும். எட்டு நாள் கொடுங்கள், குடோனில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்து ஏற்றித் தருகிறேன். கூட ஆள் யார் வேண்டும் என்று முதலாளி கேட்டதற்கு, என் பேரைச் சொல்லியிருக்கிறார்.

"அவர்தானே கெடுத்தது?"

"அதான் மொதலாளி. எங்கெங்க கெட்டு கீதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

அந்த எட்டு நாளை என்னால் மறக்க முடியாது. நல்ல வெயில். தகரக் கூரைக்குக் கீழே அவர் அளப்பார், நான் ஏற்றுவேன். கண்ணாடிக்காரப் பெண் முதல் நாள் ஒதுங்கி நின்றார். இரண்டாம் நாள் சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டி பிரிக்க வந்துவிட்டார். வேறு வேறு பேரில் நான்கு ஐட்டமாக இருந்த ஒரே வால்வைக் கண்டுபிடித்தோம். ஒரே பேரில் இருந்த மூன்று வேறு ஸ்டார்ட்டர்களைக் கண்டுபிடித்தோம். வாங்குவதை நிறுத்திப் பல காலம் ஆன ஒரு பம்ப், ஊராட்சிப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது அக்கா, "ஆங், வாடா," என்பார், ஓடிப்போன ஆட்டைப் பிடித்ததுபோல. எட்டாம் நாள் மதியம் கடைசி ரேக் முடிந்தது. கண்ணாடிக்காரப் பெண் மூன்று திரையையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு போராகப் போட ஆரம்பித்தார். நாங்கள் டீ குடிக்க மறந்து நின்றோம். எதிலும் ஒரு எழுத்து மாறவில்லை.

விழாவில் மதுராந்தகம் டீலர் எழுந்தார். பழுத்த ஆள், எதையும் லேசில் நம்பாதவர். "எல்லாம் சரிப்பா. எங்க ஊரு போரு ஒன்னு சொல்றேன். மூனுலயும் போட்டுக் குடு பாக்கலாம்," என்றார். மேடையிலேயே மூன்று தாள் அடித்துக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்தி இல்லை. மூன்று தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மண்டப ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆயிரம் கண் பார்ப்பது போல் இருந்தது எனக்கு.

"அடேங்கப்பா," என்றார். "ஒரே தாளாட்டம் கீது."

மண்டபம் அதிர்ந்தது. முதலாளி அக்காவைத் தேடினார். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால், பந்திக் கதவோரம் நின்றிருந்தார். இழுத்துக்கொண்டு வந்து மைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "புது சாமான் வந்தா என்னாண்ட காட்டிட்டு ஏத்துங்க. அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அன்று எழுந்த கைதட்டலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது அவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இதே வேலைக்கென்று ஒரு பிரிவையே நடத்துகிறார். அவருக்குக் கீழே இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த விழாவோ பதவியோ முதலில் ஞாபகம் வருவதில்லை. அந்த வருடத்து மழைதான் வரும்.

பாலாறும் செய்யாறும் கரை புரண்டன. ஆற்றோர ஊர்களில் கிணற்று ஷெட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்று, மோட்டார்களும் ஸ்டார்ட்டர் பெட்டிகளும் சேற்றில் புதைந்தன. அடுத்த பட்டத்துக்கு நாற்று விடவேண்டும். உழவர் கூட்டமைப்பு ஒன்று உதவிக்கு வந்து, பாதிக்கப்பட்ட நாற்பத்து மூன்று கிணற்றுக்கும் புது செட் போட்டுத் தர முடிவு செய்தது. அதன் செயலாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நேராகவே சொன்னார்.

"நாத்து காத்துக்கினு நிக்காது சார். ஒரு கெணத்துல சாமான் சேரலன்னு திரும்பி வந்தாலும், மிச்சம் பூராவும் வேற கடைக்குக் குடுத்துடுவோம்."

சில கிணறுகளின் விவரம் விவசாயிகள் நேரே கொண்டுவந்தார்கள். சில டீலர்கள் வழியாக வந்தன. சில ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்தன. மூன்று வழி, மூன்று அமைப்பு. பழைய காலமாக இருந்தால் நான் அந்த ஆர்டரையே வேண்டாம் என்றிருப்பேன். இப்போது ஒரே நாளில் நாற்பத்து மூன்று கொட்டேஷனும் அடித்துக் கொடுத்தோம். மறுநாளிலிருந்து வண்டிகள் கிளம்பின.

அக்கா வரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். விவரம் வந்த வரிசையில்தான் போகவேண்டும் என்பது அவர் முடிவு. முதல் கிணறு ஓடியது. பத்தாவது ஓடியது. இருபது, முப்பது. எங்கும் ஒரு இணைப்பு சேராமல் போகவில்லை, ஒரு கேபிள் குறையவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் வந்ததும் ஊர் கூடிச் சத்தம் போடும். நாங்கள் அடுத்த ஊருக்குப் போவோம். எனக்குத் தூக்கத்தில்கூடத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் காலை, நாற்பத்தோராவது கிணறு. திருமுக்கூடல் பக்கம், ஆற்றோரம் இரண்டு ஏக்கர். கூலி வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து முதல்முறையாகத் தாங்களே குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கப்போகும் நிலம் என்று பட்டியலில் இருந்தது. வண்டி நின்றதும் சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு அம்மா வேகமாக வரப்பில் வந்தார். நேராக அக்காவிடம் போனார்.

"ஏண்டி, நீ அந்தக் கம்பெனியிலயே இருந்துக்கினு, பெத்தவ கெணறு கடைசியா? ஊருல எல்லாக் கெணறும் ஓடுது. இவளுங்க எல்லாம் என்னைப் பாத்து சிரிக்கிறாளுங்க!"

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். எட்டு நாளாகக் கூடவே சுற்றியவர், இப்படி ஒரு கிணறு பட்டியலில் இருப்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கிணற்றை முன்னால் தள்ளுவது பெரிய காரியமும் இல்லை. நானே செய்திருப்பேன்.

"இன்னா பண்றதும்மா," என்றார் அக்கா. "லிஸ்ட்ல அது அங்கதான் கீது."

"லிஸ்ட்டாம் லிஸ்ட்டு!"

அம்மா திட்டிக்கொண்டே இருந்தார். ஆட்கள் மோட்டாரை இறக்கினார்கள். பைப்பைச் சேர்த்தார்கள். எல்லாம் கையால் திருகியதுமே சொன்னபடி உட்கார்ந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லி அக்கா தன் அம்மாவையே முன்னால் தள்ளினார். அவர் தயங்கித் தயங்கி, ஒரு விரலால் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

முதலில் காற்று வந்தது. பிறகு சேறு. பிறகு தொடை அளவு தண்ணீர், வெள்ளை வெளேரென்று, தொட்டிச் சுவரைத் தாண்டி அடித்தது. பத்துப் பெண்களும் கத்திய கத்தலில் ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அம்மா திட்டுவதை நிறுத்தாமலே மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார். பின்னாலேயே தானும் இறங்கினார். அக்கா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. தலை முதல் கால் வரை நனைந்து, முகத்தை வழித்து வழித்துச் சிரித்தார்.

என் போன் அடித்தது. முதலாளி.

"எப்படிப் போவுது? எதுனா திரும்பி வந்துச்சா?"

இந்தக் கூச்சலில் அவருக்குக் கேட்கவேண்டுமே என்று, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "ஒண்ணுகூடத் திரும்பல மொதலாளி! நாப்பத்து மூனும்..."

"சார்!" தொட்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது, இரண்டு விரல் நீட்டியபடி. "இன்னும் ரெண்டு கீது சார். அதுக்குள்ள சொல்லாதீங்க!"

மறுநாள் மதியத்துக்குள் அந்த இரண்டும் ஓடின. அதற்குப் பிறகுதான் என்னைச் சொல்லவிட்டார்.